கோந்து சார் ஒட்டின சட்டம்

அண்ணன் ரிட்டயர் ஆனப்போ சட்டசபை அலுவலகத்துல ஒரு பிரிவு உபசார மலர் போட்டாங்க. குடும்பத்துல இருந்து யாராவது ரெண்டு பக்கம் எழுதணும்னு என்கிட்ட கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் காரமா இருக்கும்மா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. காரமா இருக்கத்தான் செய்யும். பதினாலு வருஷமா உள்ளேயே வச்சிருந்தது, இனிப்பாவா வரும்? அதுக்குப் பதிலா அண்ணன் நாற்காலியில உக்காந்திருக்கிற படம் ஒண்ணை அரைப் பக்கத்துக்குப் போட்டுக்கிட்டாங்க. நான் எழுதினது இதுதான், இப்போ இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கேன். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். தையல்காரிகிட்ட இலக்கணம் கேட்காதீங்க.

எங்க நாடு ரொம்பச் சின்னது. ஒரு தீவு. பஸ்ல ஏறி டிக்கெட் எடுத்துட்டுக் கண்ணை மூடினா, முழிக்கும்போது ஏறின இடத்துக்கே வந்திருப்போம். சபையில மொத்தம் பதினோரு மெம்பர். அதுல ஏழு பேர் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான். இந்த லட்சணத்துல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சின்னு வேற ரெண்டு இருக்கு.

அண்ணன் வேலை பார்த்தது சபையோட லைப்ரரியில. மூணு ரூம். முதல் ரூம்ல அண்ணன் மேஜை, ரெண்டாவதுல சட்டப் புஸ்தகம், மூணாவதுல அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா பழைய கெஜட். உப்புக் காத்துல அட்டையெல்லாம் ஊறிப் போய், பெட்டியைத் தூக்கினா அடிப்பக்கம் மட்டும் தரையிலேயே தங்கிடும். ஆபீஸ் கணக்குல அண்ணன் ஆராய்ச்சி அலுவலர். மெம்பர் யாராவது "மீன்பிடி உரிமத்துக்கு மத்த நாட்டுல என்ன சட்டம்?"னு கேட்டா, தேடிப் பிடிச்சு ஒன்றரைப் பக்கம் குறிப்பு எழுதிக் கொடுக்கணும். ஆளுங்கட்சி கேட்டாலும் ஒன்றரைப் பக்கம், எதிர்க்கட்சி கேட்டாலும் ஒன்றரைப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே குறிப்புதான். அதுல அவருக்கு ஒரு பெருமை. "நான் யார் பக்கமும் இல்லை, பேப்பர் பக்கம்"னு சொல்வார்.

ஆனா ஊர்ல அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆராய்ச்சி இல்லை, கோந்து. எங்க நாட்டுச் சட்டப் புஸ்தகத்தைக் கடைசியா அச்சடிச்சது நான் பொறந்த வருஷம். நாலு பாகம். அதுக்கப்புறம் புதுசா அச்சடிக்க எந்தப் புண்ணியவானுக்கும் மனசு வரலை. சட்டம் மாறினா, மாறின வரியைத் துண்டுச் சீட்டுல டைப் அடிச்சு, பழைய வரி மேல ஒட்டிடுவாங்க. அந்த மாதிரி மூணு செட்டு இருந்துச்சு. கோர்ட்டு செட்டு ஒரு புயல்ல நனைஞ்சு பூசணம் பிடிச்சுப் போச்சு. இன்னொண்ணை ஒரு மந்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார். அவர் பதவியும் போச்சு, புஸ்தகமும் போச்சு. மிச்சம் இருந்தது அண்ணன் செட்டு ஒண்ணுதான். வக்கீல், போலீஸ், நீதிபதியோட குமாஸ்தா, எல்லாரும் அங்கதான் வரணும். "கோந்து சார் புஸ்தகத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்பாங்க. அதுல இருந்தா சட்டம், இல்லைன்னா இல்லை.

அண்ணன் ஒட்டினா சீட்டு எப்பவும் இடது பக்கமா ஒரு நூல் சாயும். எனக்குக் கண்ணை உறுத்தும். "என்னண்ணே, உங்க சட்டமெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சே நிக்குது"ன்னு கிண்டல் பண்ணுவேன். "படிக்க முடியுதில்ல பாப்பா, போதும்"னு சொல்லிச் சிரிப்பார். எனக்கு இப்போ அம்பத்தி மூணு வயசு. அவருக்கு இன்னும் நான் பாப்பாதான்.

அவரோட இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும். வினையே அதுலதான் வந்துச்சு. சபையில பதினோரு பேர் கை தூக்கிட்டா மட்டும் ஒண்ணு சட்டமாயிடாது. கெஜட்ல அச்சாகி வரணும். வர்ற நாள்தான் அதுக்குப் பொறந்த நாள். ஆனா எங்க அரசாங்க அச்சகம் இருக்கே, அது ஓடுற நாளை விடப் படுத்துக் கிடக்கிற நாள் அதிகம். மை வந்தா பேப்பர் வராது, பேப்பர் வந்தா மிஷின்காரர் லீவு. அதனால சபை முடிஞ்சதும் டைப் அடிச்ச சீட்டை முன்கூட்டியே அண்ணன்கிட்ட கொடுத்துடுவாங்க. அவரும் ஒட்டிட்டு, மூலையில பென்சில்ல 'வரும்'னு எழுதி வைப்பார். கெஜட் வந்ததும் பென்சிலை அழிச்சுட்டு, சிவப்பு மையில கெஜட் நம்பரைப் போடுவார். அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் கிடையாது. வேலை ஓடணுமேன்னு அவருக்கு முன்னாடி இருந்தவர் செஞ்சார், இவரும் செஞ்சார். வந்து பார்க்கிறவன் எவனும் மூலையைப் பார்க்கிறதில்லை. சீட்டு இருக்கா, சரின்னு போயிடுவான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சீட்டு வந்துச்சு. கடல்ல இருந்து அம்பது மீட்டருக்குள்ள இருக்கிற நிலத்தை விசாரணை இல்லாம அரசாங்கம் எடுத்துக்கலாம்னு. அதுக்கு முன்னாடின்னா, நிலத்துச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்கணும், அவர் ஒத்துக்கலைன்னா கோர்ட்டுக்குப் போகலாம். அந்த வரி மேலதான் இந்தச் சீட்டை ஒட்டினார். கரையில மொத்தம் இருபத்தெட்டு வீடு. அதுல ஒண்ணு என்னோடது.

என் வீடு அப்படி ஒண்ணும் மாளிகை இல்லை. ரெண்டு ரூம். முன்னால தகரம் போட்ட இடத்துல என் தையல் மிஷின் ரெண்டு. பின்னால கடலைப் பார்த்து ஒரு சிமெண்டு மேடை, அது என் வீட்டுக்காரர் இடம். அவர் படகு மோட்டார் ரிப்பேர் பண்றவர். படகைக் கரையில ஏத்தி, மோட்டாரைக் கழட்டி, நேரா மேடையில கொண்டாந்து வைப்பாங்க. நான் ஸ்கூல் யூனிபார்மும் வக்கீலுங்களுக்குக் கறுப்புக் கோட்டும் தைப்பேன். முன்பக்கம் என் கடை, பின்பக்கம் அவர் கடை, நடுவுல குடித்தனம்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கலை. என்கிட்ட கோட்டு தைக்கிற வக்கீல் ஒருத்தர், நல்ல மனுஷன், "விசாரணை இல்லாம எப்படி எடுப்பாங்க? நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்"னு லைப்ரரிக்குப் போனார். அரை மணி நேரத்துல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தார். "சட்டத்தையே மாத்திட்டாங்கம்மா. உங்க அண்ணன் புஸ்தகத்துல ஒட்டியிருக்கு. இனிமே வழக்குப் போட இடமே இல்லை"ன்னார். சாயங்காலம் அண்ணன் வந்தார். நான் அழுதேன், கத்தினேன், தட்டை எடுத்து வீசினேன். அவர் பொறுமையா வீசின தட்டை எடுத்து வச்சுட்டு, "நானே என் கையால ஒட்டினேன் பாப்பா. சட்டம்னு வந்துட்டா அதோட மல்லுக்கட்ட முடியாது. சம்மதம்னு கையெழுத்துப் போட்டுடு"ன்னார். அண்ணன் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. போட்டுட்டேன்.

ரெண்டு வாரம் லீவு போட்டு அவர்தான் என் சாமானையெல்லாம் ஏத்தி இறக்கினார். விமான நிலையத்துக்குப் பின்னால அரசாங்க ஃபிளாட், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மோட்டாரைச் சுமந்துக்கிட்டு மூணு மாடி எவன் ஏறுவான்? யூனிபார்ம் அளவு கொடுக்கப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எந்த அம்மா ஏறுவா? என் தொழில் படுத்துச்சு, என் வீட்டுக்காரர் தொழில் செத்துச்சு. அவர் பால்கனியில ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கிட்டு, ஏறி இறங்குற விமானத்தைப் பார்த்து, "இதுல எத்தனை மோட்டார் தெரியுமா?"ன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தார். அஞ்சாவது வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். டாக்டர் மாரடைப்புன்னு எழுதினார். நான் அதுக்கு வேற பேர் வச்சிருக்கேன், அதை இங்க எழுத வேண்டாம்.

சரி, கரையில என்னதான் வந்துச்சு? ஹோட்டல் வருது, படகுத்துறை வருதுன்னாங்க. வந்தது ஒரு முள்கம்பி வேலி. 'அரசு நிலம், உள்ளே வரக்கூடாது'ன்னு ஒரு தகரப் பலகை. அவ்வளவுதான். தானும் தின்னாம தள்ளியும் படுக்காம.

இப்படியே பதிமூணு வருஷம் ஓடிப் போச்சு. அப்புறம்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. வெளிநாட்டுல ஏதோ யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ற பொண்ணு, எப்பவும் கையில ஒரு நீல நோட்டு. எங்க நாட்டு அரசாங்கம், அரசியல், சட்டம் இதையெல்லாம் ஆராயணும்னு வர்றவங்க எங்கே போகணும், எதைப் பார்க்கணும்னு ஒரு கைப்புத்தகம் எழுதுதாம். பாவம், அதுக்கு யாரும் முன்னாடியே சொல்லலை. எங்க நாட்டுல பழைய தீர்ப்பு ஒண்ணைப் பார்க்கணும்னா அலமாரிச் சாவி யார் இடுப்புல இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். சபை நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கணும்னா டைப் அடிச்ச அம்மாவை வீட்டுல போய்ப் பிடிக்கணும். அந்தப் பொண்ணு ஒரு மாசம் அலைஞ்சு, கடைசியில அண்ணன் மேஜைக்கு எதிர்ல வந்து உக்காந்துச்சு. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். முப்பத்தொரு வருஷமா அவர் வேலையை ஒருத்தர் மெனக்கெட்டுப் பார்க்க வந்தது அதான் முதல் தடவை. வீட்டுல அண்ணிகிட்டயும் அதே பேச்சு. "நாலு பாகத்தையும் பக்கம் பக்கமாப் பார்க்குதும்மா அந்தப் பொண்ணு, ஒவ்வொரு சீட்டுக்கும் கெஜட் நம்பர் எழுதிக்குது"ன்னு.

அப்படி எழுதிக்கிட்டு வந்தப்போ மூணாவது பாகத்துல ஒரு சீட்டுக்கிட்ட நின்னுடுச்சு.

"ஐயா, இதுக்கு மட்டும் நம்பர் இல்லையே. பென்சில்ல 'வரும்'னு இருக்கு."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். "மை போட மறந்திருப்பேன்மா. கெஜட் உள்ளே இருக்கும், எடுத்துத் தர்றேன்."

மூணு வாரம் தேடினார். அந்த வருஷத்துப் பெட்டி, முன் வருஷத்துப் பெட்டி, பின் வருஷத்துப் பெட்டி. அச்சகத்துக்குப் போய் அவங்க பதிவேட்டைப் பார்த்தார். சாப்பாடு இறங்கலைன்னு அண்ணி எனக்கு ஃபோன் பண்ணினாங்க. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன் என் ஃபிளாட்டுக்கு வந்தார். மூணு மாடி ஏறின மூச்சு அடங்கற வரைக்கும் கதவுக்கிட்டயே நின்னார். நான் யாரோ கொடுத்த பேண்டுக்கு ஜிப் மாத்திக்கிட்டிருந்தேன்.

"பாப்பா, அந்தச் சட்டம் சட்டமே இல்லை."

"எந்தச் சட்டம்?"

"உன் வீட்டை எடுத்தது. கெஜட்ல வரவே இல்லை. அந்த மாசம் மிஷின் உடைஞ்சு, நாலு வாரத்து கெஜட்டையும் ஒரே கட்டா அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க. அதுல இது விட்டுப் போச்சு. கட்டு வந்த அன்னைக்கு நான் இருந்திருந்தா ஒவ்வொண்ணா நம்பர் போட்டிருப்பேன், இது இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். என் இடத்துல இருந்தவன் கட்டைப் பிரிக்காம பெட்டியில வச்சுட்டான். நான் லீவுல இருந்தேன்."

"எங்கே போயிருந்தீங்க?"

"உன் சாமானை ஏத்திக்கிட்டிருந்தேன்."

நான் ஊசியை எடுத்துக் குஷன்ல குத்தினேன். அவரே மிச்சத்தையும் சொன்னார். சபைச் செயலாளர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கார். அவர், "ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க கோந்து சார், எதுக்கு வம்பு? ஏதாவது ஒரு நம்பரைச் சிவப்பு மையில போட்டு விடுங்க, யார் பார்க்கப் போறா"ன்னாராம்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றாராக்கும். போட்டுட்டியா?"

அண்ணனை நான் 'நீ'ன்னு சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. ரெண்டு பேருக்குமே அது காதுல விழுந்துச்சு.

"போடலை. பென்சில் அப்படியே இருக்கு."

அப்புறம் நான் பேசினதையெல்லாம் எழுதினா இந்தத் தாள் தாங்காது. சுருக்கமாச் சொல்றேன். நீ எழுதின ஒத்தை வார்த்தையில என் வீடு போச்சு, என் புருஷன் போனார், போட வேண்டிய வழக்கைப் போட விடாம நீதான் என் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கினே, கூடப் பொறந்தவன்னு நம்பினேன், அப்படின்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எல்லாம் கேட்டுட்டு, "கோர்ட்டுல வந்து சொல்றேன்"னார்.

"பென்ஷன்ல கை வைப்பாங்க."

"வச்சா வைக்கட்டும்."

அதே வக்கீல்தான் வழக்குப் போட்டார். இப்போ அவருக்குத் தலை நரைச்சுப் போச்சு, கோட்டு மட்டும் அன்னைக்கு நான் தைச்சதேதான். மத்த இருபத்தேழு வீட்டுக்காரங்களும் வந்து நின்னாங்க, செத்தவங்களுக்குப் பதிலா பிள்ளைங்க. அண்ணன் சாட்சிக் கூண்டுல ஏறினப்போ கையில அந்த மூணாவது பாகம். அதை அவர் யார்கிட்டயும் கொடுக்கலை. அரசாங்க வக்கீல் சின்ன வயசு ஆள், நல்லா நக்கலாப் பேசினார்.

"கெஜட் வராமலே நீங்களே ஒட்டினீங்க?"

"ஒட்டினேன் ஐயா."

"அப்போ இந்த நாட்டுல சட்டம் போடுறது சபையா, நீங்களா?"

கோர்ட்டே சிரிச்சுது. அண்ணன் சிரிப்பு அடங்கற வரைக்கும் இருந்துட்டு, "அந்த ஒரு சட்டத்தைப் பொறுத்த வரைக்கும் நான்தான் ஐயா போட்டேன். தப்பு என்னோடது"ன்னார். அப்புறம் யாரும் சிரிக்கலை. என் அண்ணன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. இருந்தாலும் கோபம் போகலை, அதையும் சொல்லிடணும். ரெண்டும் ஒண்ணா இருக்கும் போல.

நாங்க ஜெயிச்சுட்டோம். அந்தச் சட்டம் இன்னைக்கு வரைக்கும் பொறக்கவே இல்லை, பொறக்காத சட்டத்தால ஒருத்தர் நிலத்தை எடுக்க முடியாது, அறுபது நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்னு நீதிபதி சொன்னார். மறுநாளே நான் தையல் டேப்பை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போனேன். வேலியில ஒரு இடத்துல கம்பி அறுந்து கிடந்துச்சு, உள்ளே நுழைஞ்சுட்டேன். வீடு இருந்த இடத்துல புல்லு இடுப்பு உயரம். அந்தச் சிமெண்டு மேடை மட்டும் அப்படியே இருந்துச்சு, என் வீட்டுக்காரர் மோட்டார் எண்ணெய்க் கறையோட. நான் அதுமேல உக்காந்து மிஷின் எங்கே போடுறது, ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு டேப்பால அளந்து துண்டுச்சீட்டுல எழுதிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சாமான் கட்ட ஆரம்பிச்சேன். பக்கத்து ஃபிளாட்டுக்காரிகிட்ட, பால்கனி நாற்காலியை நீ வச்சுக்கோன்னு கொடுத்துட்டேன். ஆசைப்பட்டேன். அம்பத்தி மூணு வயசுல இவ்வளவு ஆசைப்பட்டிருக்கக் கூடாது.

அம்பதாவது நாள் சபையைக் கூட்டினாங்க. பார்வையாளருக்கு ஆறு நாற்காலி, அதுல ஒண்ணுல நான் உக்காந்திருந்தேன். ஏதோ செல்லுபடியாக்கும் சட்டமாம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி கெஜட்ல வராத அந்தச் சட்டத்தை, அன்னைக்கே வந்ததாக் கருதணுமாம். அதை வச்சு அரசாங்கம் எடுத்த நிலமெல்லாம் சரியாத்தான் எடுத்ததாக் கருதணுமாம். கோர்ட்டு என்ன சொல்லியிருந்தாலும் சரியாம். செத்த பிள்ளைக்குப் பொறந்த தேதி போட்டு உயிரோட இருக்குன்னு எழுதுற வித்தை. எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் என் ஃபிளாட்டுல வந்து டீ குடிச்சுட்டு, "நாங்க இருக்கோம்மா"ன்னு சொல்லிட்டுப் போனார். அவரும் எழுந்து, "நாட்டு நலன் கருதி"ன்னு ஆரம்பிச்சார். அதுக்கு மேல நான் கேட்கலை.

ஆனா மந்திரி சொன்ன ஒண்ணு மட்டும் காதுல விழுந்துச்சு. "இது புதிதல்ல. நமது நூலகத்தின் ஆராய்ச்சிக் குறிப்பின்படி, வேறு மூன்று நாடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள்." கையில ஒன்றரைப் பக்கத் தாள்.

இருபத்தஞ்சு நிமிஷத்துல பதினோரு கையும் தூக்கியாச்சு. அதைவிட ஒரு அதிசயம் கேளுங்க. பதினாலு வருஷமா வராத கெஜட் அன்னைக்குச் சாயங்காலமே வந்துடுச்சு. மை இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு, மிஷின்காரரும் இருந்தார்.

மறுநாள் காலையில லைப்ரரிக்குப் போனேன். அண்ணனுக்கு அது கடைசி வாரம். மேஜைமேல மூணாவது பாகம் விரிச்சிருந்துச்சு, பக்கத்துல கோந்து பாட்டில், புதுச் சீட்டு, கெஜட். மதியம் கோர்ட்டுல இருந்து ஆள் வந்து பார்ப்பாங்களாம், அதுக்குள்ள ஒட்டி வைக்கணும்னு செயலாளர் சொல்லியிருந்தார். அந்த நோட்டுப் பொண்ணு அதுக்குள்ள ஊருக்குப் போயிருந்துச்சு. அதோட கைப்புத்தகத்துல இதுக்கு ஒரு அடிக்குறிப்பு வருதாம். கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா என் வீடு அடிக்குறிப்பாச்சு.

"அந்தக் குறிப்பு நீங்க எழுதினதா?"ன்னு கேட்டேன்.

"ஆமா."

"எப்போ?"

"போன மாசம். மந்திரி ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க. இந்த மாதிரி விட்டுப் போனா மத்த நாட்டுல என்ன செய்யறாங்கன்னு."

"எதுக்குக் கேட்கறாங்கன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கேட்டா எழுதிக் கொடுக்கறதுதான் என் வேலை பாப்பா. மூணு நாட்டுல செஞ்சாங்க. இல்லைன்னு எப்படி எழுதுவேன்?"

இந்த மனுஷன் செயலாளர் சொல்லியும் பொய் நம்பர் போடலை, பென்ஷன் போனாலும் போகுதுன்னு கோர்ட்டுல நின்னு உண்மையைச் சொன்னார். அதே கையால எனக்குக் குழி வெட்டுறவனுக்கும் உண்மையையே எழுதிக் கொடுத்திருக்கார், ஒன்றரைப் பக்கம், நல்ல கையெழுத்துல. பேப்பர் பக்கம் நின்னுட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரலை, மன்னிக்கவும் மனசு வரலை.

"ஒட்டாதீங்க. உங்க கையால வேண்டாம்"னேன்.

"நான் ஒட்டலைன்னாலும் இது சட்டம்தான். அன்னைக்கு இல்லை. இன்னைக்கு கெஜட் இருக்கு, பாரு." நம்பரைத் தொட்டுக் காட்டினார்.

சீட்டுக்குப் பின்னால கோந்து தடவினார். தூக்கினார். சீட்டோட ஒரு மூலை மடங்கிப் போச்சு, எடுத்துட்டு மறுபடி வச்சார், மறுபடியும் மடங்குச்சு. கண்ணாடிக்குள்ள கண்ணு கலங்கி, அவருக்குப் பக்கமே தெரியலைன்னு நினைக்கிறேன். "பாப்பா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

கிழிச்சுப் போட்டுடலாமான்னு கூட நினைச்சேன். கிழிச்சா இன்னொண்ணு டைப் அடிப்பாங்க. அப்புறம் கிட்டே போய், சீட்டோட ரெண்டு மேல் மூலையையும் பிடிச்சுக்கிட்டேன். துணி விரிக்கிற மாதிரி, பழைய சீட்டுக்குக் கீழே வரியோட வரி சேர்த்து இறக்கி, நடுவுல இருந்து ஓரத்துக்கு விரலால நீவி விட்டேன். அண்ணன் சிவப்பு மையில நம்பரையும் தேதியையும் எழுதினார். பழைய சீட்டு மூலையில பென்சில்ல இருந்த 'வரும்'ங்கிறதை ரப்பரால அழிச்சார்.

நீங்க போனாலும் பார்க்கலாம். மூணாவது பாகம், கரையோர நிலம்னு இருக்கிற பக்கம். அந்தப் புஸ்தகத்துல இருக்கிற அத்தனை சீட்டும் இடது பக்கம் சாஞ்சிருக்கும். இது ஒண்ணுதான் நேரா இருக்கும். அதை ஒட்டினது நான்.